கடும் உடற்பருமனும் கர்ப்பகால இதயமும்

நாள் தள்ளிப்போன செய்தி வீட்டில் எல்லோருக்கும் தெரிவதற்கு முன்பே தாயின் இதயத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஐந்தாறு வாரத்திலேயே அது வேலையைக் கூட்டத் தொடங்குகிறது. கரு அப்போது சில மில்லிமீட்டர் நீளம்தான்; அதற்கென்று தனியாக இரத்தம் பெரிதாகத் தேவையில்லை. ஆனாலும் உடல் காத்திருப்பதில்லை. புரொஜெஸ்டிரோன், ரிலாக்சின், நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றின் வேலையால் உடல் முழுவதும் சிறு தமனிகள் தளர்ந்து விரிகின்றன. குழாய்கள் விரிந்ததும் உள்ளே இருக்கும் இரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பிரசவம் நெருங்கும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் பெருகாமல் 20 முதல் 30 சதவீதம்தான் கூடும். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு சற்று இறங்குவதற்கு இந்த நீர்த்துப்போதலும் ஒரு காரணம்.

ஓய்வில் இருக்கும் ஒரு பெண்ணின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இது 7 லிட்டரை எட்டலாம். துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. கருப்பைக்குப் போகும் இரத்தம் மட்டுமே, தொடக்கத்தில் நிமிடத்துக்கு 50 மில்லி என்ற அளவிலிருந்து நிறைமாதத்தில் 500 மில்லிக்கு மேல் போய்விடுகிறது. இவ்வளவு கூடியும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை. நடுமாதங்களில் அது சற்று இறங்கவே செய்கிறது. கடைசியில்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கூடுதல் இரத்தத்துக்கு ஏற்ற அளவுக்கு மேல் வழி அகலமாகியிருப்பதே காரணம். இடது கீழறை சற்றுப் பெரிதாகிறது, சுவர் கொஞ்சம் தடிக்கிறது, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. குழாய்களின் இந்தத் தளர்ச்சியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடும் உடற்பருமன் கெடுப்பது முதலில் இதைத்தான்.

உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) 40-க்கு மேல் இருந்தால் அது கடும் உடற்பருமன். ஐந்தடி ஒரு அங்குலம், அதாவது 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 96 கிலோ. 35-ஐத் தாண்டி, கூடவே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவர்களையும் பல மருத்துவர்கள் இந்த வகையிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். இந்த எல்லைகள் ஐரோப்பிய உடல்களை அளந்து வகுத்தவை. தெற்காசியர்களுக்கு அதே எடையில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. அதனால்தான் இந்தியாவில் 23-க்கு மேல் போனாலே கூடுதல் எடை என்றும், 25-க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்கிறோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21 கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் குறியெண் 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இந்திய அளவில் இது 24 சதவீதம். இவர்களில் கடும் உடற்பருமன் உள்ளவர்கள் சிறு பகுதிதான். ஆனால் மொத்தக் கூட்டமே எடை கூடிய பக்கம் நகரும்போது அந்த ஓரத்தில் நிற்பவர்களின் எண்ணிக்கையும் கூடும். நம் பிரசவ வார்டுகளில் இதய நோய் என்றாலே ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வு என்றுதான் பல தலைமுறையாகப் பழகியிருக்கிறோம். வால்வு நன்றாக இருந்தும் திணறும் இதயத்துக்கு நம் கண் இன்னும் பழகவில்லை.

கொழுப்பு சும்மா கிடக்கும் பொருள் இல்லை. ஓய்வு நிலையில் ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லி இரத்தம் போகிறது. 40 கிலோ கூடுதல் கொழுப்பென்றால், படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் அதிக வேலை. ஆக, கடும் உடற்பருமன் உள்ள பெண்ணின் இரத்தக் கொள்ளளவும் இதய வெளியீடும் கர்ப்பத்துக்கு முன்பே கூடியிருக்கின்றன. கர்ப்பிணிக்கு நேர்வதும் இதுதானே என்று தோன்றலாம். வித்தியாசம் குழாய்களில் இருக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் பரிவு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. குழாயைச் சுருக்கி உப்பைத் தேக்கும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் அச்சு விழித்தபடியே இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு அதை அழுத்தி உப்பைத் தேக்க வைக்கிறது. இன்சுலின் எதிர்ப்பாலும் நாள்பட்ட அழற்சியாலும் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சரியாக உண்டாக்க முடியாமல் போகிறது. இரத்தம் கூடுகிறது, குழாயோ விறைக்கிறது. இந்த நிலை ஒன்பது மாதத்தில் முடிவதுமில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் நீடிக்கிறது. இடது கீழறை தடித்து, தளரும் திறனை இழக்கிறது. இடது மேலறை வீங்குகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 5,881 பேரைச் சராசரியாக 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: குறியெண் ஒரு புள்ளி கூடும்போது இதயச் செயலிழப்பின் அபாயம் ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் கூடுகிறது.

நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பும் இதயத்தின் வலது பக்கக் கதை தனி. கழுத்திலும் தொண்டையிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபட்டுத் தடைபட்டு வரும். இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏற, நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடும். நுரையீரல் தமனி அழுத்தம் கடுமையாகக் கூடிய பெண்ணுக்குக் கர்ப்பமே வேண்டாம் என்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் எச்சரிக்கின்றன. நம் வீடுகளில் பெண்ணின் குறட்டை கேலிக்குரிய விஷயம். கர்ப்பப் பரிசோதனைக்கு வரும் பருமனான பெண்ணிடம் ‘குறட்டை விடுவீர்களா, பகலில் தூக்கம் வருகிறதா’ என்று கேட்பது அரிது. அவளும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை.

இப்போது கர்ப்பத்தையும் உடற்பருமனையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு சுமையின் மேல் இன்னொன்று ஏறுகிறது என்று கூட்டல் கணக்காகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. கர்ப்பம் தளரச் சொல்கிறது. உடற்பருமன் தளர விடுவதில்லை. நடுமாதத்தில் வரவேண்டிய இரத்த அழுத்த இறக்கம் இவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. தொடக்க அளவும் உயரமாகவே இருப்பதால் உயர் இரத்த அழுத்தம் என்று சொல்லும் 140/90 என்ற கோட்டைத் தொட அதிக தூரம் இல்லை. விரிந்து கொடுக்கக்கூடிய இதயம் கூடுதல் இரத்தத்தை வாங்கி வெளியேற்றும். விறைத்த கீழறை அதே இரத்தத்தை வாங்கும்போது உள்ளழுத்தம் ஏறி, அது நுரையீரல் வரை போகும். மூச்சு வாங்கத் தொடங்கும்.

இந்த இடத்தில் ஆய்வுகளின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பருமனான கர்ப்பிணிகளின் எக்கோ என்னும் இதய ஸ்கேன் பரிசோதனையில் கீழறை நிறை கூடியிருப்பதையும், இதயத் தசை நீளவாக்கில் சுருங்கும் திறன் சற்றுக் குறைந்திருப்பதையும் பல குழுக்கள் கண்டிருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். குறியெண் 31 உள்ளவரையும் 48 உள்ளவரையும் ஒரே பட்டியலில் அடைத்தவை பல. கர்ப்பத்துக்கு முன்பே அளந்து வைத்த இதயம் ஏறத்தாழ எந்த ஆய்விலும் இல்லை. எது கர்ப்பத்தால் வந்தது, எது முன்பே இருந்தது என்று எப்படிப் பிரிப்பது? கணக்கிடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. இதய வெளியீட்டை உடற்பரப்பால் வகுத்து ஒப்பிடுவது வழக்கம். 110 கிலோ பெண்ணின் உடற்பரப்பு பெரிது என்பதால், வகுத்தவுடன் அவள் இதயம் இயல்பானதாகத் தெரியும். வகுக்காவிட்டால் அளவுக்கு மீறி உழைப்பதாகத் தெரியும். கொழுப்பால் கூடிய பரப்பை ‘உரிய அளவு’ என்று எடுத்துக்கொள்வது நோயையே அளவுகோலாக்குவதாகும். உயரத்தைக் கொண்டு கணக்கிடுவதே நேர்மையானது என்று வாதிடுபவர்கள் பக்கமே நான் சாய்கிறேன்.

வாதம் எப்படிப் போனாலும், கர்ப்பகால இரத்த அழுத்த நோய்களில் கணக்கு தெளிவு. பதின்மூன்று ஆய்வுகளையும் ஏறக்குறைய 14 லட்சம் பெண்களையும் சேர்த்து 2003-ல் வந்த தொகுப்பு, குறியெண் 5 முதல் 7 புள்ளி கூடும்போதெல்லாம் பிரிஎக்ளாம்ப்சியாவின் அபாயம் இரட்டிப்பாவதாகக் காட்டியது. இருபது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று உறுப்புகளைத் தாக்கும் நோய் இது. இதன் காரணத்தைப் பற்றி இரண்டு பார்வைகள் இருக்கின்றன. பழையது நஞ்சுக்கொடியைக் குற்றம் சாட்டுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற அனந்த் கருமாஞ்சியின் குழு, நஞ்சுக்கொடி அளவுக்கு அதிகமாக வெளியிடும் ஒரு புரதம் தாயின் இரத்தக்குழாய்ச் சுவரைப் பாதிப்பதை 2003-ல் காட்டியது. இந்தத் துறையின் பெரிய திருப்பம் அது. மற்றொரு பார்வையை லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் பாஸ்கி திலகநாதன் போன்றவர்கள் முன்வைக்கிறார்கள்: தாயின் இதயமும் குழாய்களும் கர்ப்பத்தின் கோரிக்கைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதே அடிப்படை, நஞ்சுக்கொடியின் கோளாறு அதன் விளைவாகவும் இருக்கலாம்.

ரோமின் ஹெர்பர்ட் வாலென்சிஸே குழு 2008-ல் கண்டது இந்தச் சண்டையைக் கொஞ்சம் தணிக்கிறது. 34 வாரத்துக்கு முன்பே வரும் பிரிஎக்ளாம்ப்சியாவில் இதய வெளியீடு குறைவு, குழாய்த் தடை அதிகம். பிந்தி வருவதில் வெளியீடு அதிகம், தடை குறைவு; அந்தப் பெண்கள் பெரும்பாலும் எடை கூடியவர்கள். உடற்பருமனோடு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. நஞ்சுக்கொடியை மட்டும் பார்க்கும் பார்வை இதற்குப் போதாது. தாயின் இதயத்தை விசாரிக்காமல் பருமனான பெண்ணின் பிரிஎக்ளாம்ப்சியாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

நிறைமாதமும் பிரசவமும் வேறு வகையில் இதயத்தைச் சோதிக்கின்றன. கர்ப்பிணியை மல்லாந்து படுக்காதே, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று செவிலியர்கள் சொல்வதற்குக் காரணம், பெருத்த கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுத்துவிடும் என்பதே. சிலருக்கு இதய வெளியீடு கால் பங்கு வரை சரியும். வயிற்றுக் கொழுப்பின் பாரமும் சேரும்போது இது மோசமாகும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலில் எஞ்சும் காற்று குறைவதால், மயக்க மருந்து கொடுக்கும்போது ஆக்சிஜன் அளவு வேகமாக விழும். வலி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கருப்பை சுருங்கி 300 முதல் 500 மில்லி இரத்தத்தைச் சுற்றோட்டத்துக்குள் தள்ளுகிறது. குழந்தை பிறந்த உடனே, அழுத்தம் விலகி, சுருங்கிய கருப்பையின் இரத்தமும் திரும்பி வர, இதய வெளியீடு 60 முதல் 80 சதவீதம் வரை எகிறுகிறது. ‘பிரசவம் முடிந்தது, இனிப் பயமில்லை’ என்று வெளியில் எல்லோரும் மூச்சு விடும் அந்த ஒரு மணி நேரம்தான் விறைத்த இதயத்துக்கு மிகக் கடினமான நேரம். நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் இங்கிருந்து அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் நிகழ்கிறது.

அடுத்தது இரத்தக்கட்டி. கர்ப்பம் இரத்தத்தை உறையும் பக்கம் சாய்க்கிறது; பிரசவத்தில் இரத்தம் அதிகம் போகாமல் காக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. உடற்பருமனும் அதே பக்கம் சாய்க்கிறது. இந்தப் பெண்களுக்குச் சிசேரியனும் அதிகம். நம் வழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது: பிள்ளை பெற்றவள் எழுந்து நடமாடக் கூடாது, கட்டிலிலேயே இருக்க வேண்டும் என்ற பாட்டிமார் கண்டிப்பு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, குறியெண் 40-ஐத் தாண்டியவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் குறைந்தது 10 நாள் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசியைப் பரிந்துரைக்கிறது. அந்த மருந்தின் அளவும் எடைக்கு ஏற்பக் கூட வேண்டும். பத்தியச் சாப்பாட்டை யாரும் மாற்ற வேண்டாம். ஆனால் மருத்துவர் தடுக்காதவரை, முதல் நாளிலேயே அவளை எழுப்பி நடக்க வையுங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய சிக்கல். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், களைப்பு மூன்றும் நிறைமாதத்தில் இயல்பு. பருமனான உடலில் அன்றாடம். இதயச் செயலிழப்பில் அறிகுறி. கடைசி மாதத்திலோ பிரசவமான ஐந்து மாதத்துக்குள்ளோ இதயத் தசை திடீரெனப் பலவீனமாகும் பேறுகால இதயத்தசை நோயிலும் தொடக்கம் இப்படித்தான். அந்த நோய்க்கு உடற்பருமனும் ஓர் அபாயக் காரணி. ‘வெயிட் அதிகம்மா, அதான் மூச்சு வாங்குது’ என்ற ஒரே பதிலோடு திருப்பி அனுப்பப்படும் பெண்களில் ஒருத்திக்கு உண்மையிலேயே இதயம் பலவீனமாகிக்கொண்டிருக்கலாம். படுத்தால் மூச்சு திணறி எழுந்து உட்காருகிறாள், நள்ளிரவில் மூச்சு முட்டி விழிக்கிறாள் என்றால் அதற்கு எடையைக் காரணம் காட்டக் கூடாது. அன்றே எக்கோ எடுக்க வேண்டும். இதயச் செயலிழப்பைக் காட்டும் பிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனையும் இங்கே ஏமாற்றும்: பருமனானவர்களுக்கு அதன் அளவு இயல்பாகவே குறைவு. இயல்பு என்று வந்த அறிக்கை நிம்மதி தரப் போதாது.

இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையைச் சின்ன விஷயம் என்று விடமுடியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றி அளந்தபோது மேல் அழுத்தம் கிட்டத்தட்ட 20 புள்ளி கூடுதலாகக் காட்டியது. கர்ப்பிணி இல்லாதவர்களிடம் செய்த ஆய்வு என்றாலும் பாடம் ஒன்றே. இல்லாத பிரஷருக்கு மாத்திரை, அவசரமாக முன்கூட்டிய பிரசவம் என்று தவறு அங்கிருந்து நீளும். நேர்மாறாக, ‘பட்டை சின்னது, அதனால்தான் அதிகம் காட்டுகிறது’ என்று உண்மையான பிரஷரை ஒதுக்கிவிடுவதும் நடக்கும். பெரிய பட்டை விலை அதிகமில்லாத பொருள். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அது இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? இதற்கு நம்பத் தகுந்த பதில்கள் சில உண்டு. அபாயம் மிகுந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வாரத்தையொட்டிக் குறைந்த அளவு ஆஸ்பிரின்: 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் இரவுதோறும் 150 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, 37 வாரத்துக்கு முன் வரும் பிரிஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் பிந்தி வரும் வகை குறையவில்லை. பருமனான பெண்களுக்கு அதிகம் வருவது அந்த வகைதான் என்பதால் ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று என்று கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. முன்பே இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 140/90-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது, அதனால் குழந்தையின் வளர்ச்சி குன்றுவதில்லை என்று 2,408 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த சாப் ஆய்வு 2022-ல் காட்டியது.

எடையைப் பற்றிய பதில்தான் சங்கடமானது. பருமனான கர்ப்பிணி மொத்தமாக 5 முதல் 9 கிலோ மட்டும் கூடினால் போதும் என்பது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் 2009 பரிந்துரை. ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்ற ஊர்ப்பேச்சுக்கு இது நேர் எதிர். ஆனால் கர்ப்பத்தின் நடுவில் உணவும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து விளைவுகளை மாற்ற முயன்ற பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் தோற்றன. ஆஸ்திரேலியாவில் 2,212 பெண்களோடு 2014-ல் வந்த லிமிட், பிரிட்டனில் 1,555 பெண்களோடு 2015-ல் வந்த அப்பீட் இரண்டுமே தங்கள் முதன்மை இலக்கை எட்டவில்லை. பெண்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று பழிபோட முடியாது. பலர் சாப்பாட்டை மாற்றினார்கள். பதினைந்து ஆண்டில் விறைத்த குழாய் பதினைந்து வாரத்தில் தளராது. எடையைக் குறைக்க உரிய காலம் கர்ப்பத்துக்கு முன்புதான். உடற்பருமன் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதம் கழித்துக் கருத்தரிப்பது நல்லது. அவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை குறைகிறது, குழந்தையின் எடை சற்றுக் குறையும் ஆபத்தும் உண்டு. இப்போது பரவலாகும் செமாக்ளுடைட் ஊசியைக் கருத்தரிக்கும் முன் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்திவிட வேண்டும்.

கல்யாணமான மறுமாதமே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கும் சமூகத்தில், கர்ப்பத்துக்கு முன் ஓராண்டு என்பது எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? பிரசவத்துக்குப் பின் வரும் காலம்தான் நடைமுறையில் நம் கையில் இருக்கிறது. அதைத்தான் அதிகம் வீணடிக்கிறோம். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை உண்டு, எந்த மாதம் என்ன ஊசி என்று எல்லோருக்கும் தெரியும். தாய்க்கு ஆறாவது வாரத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பிரிஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயச் செயலிழப்பு நான்கு மடங்கு, மாரடைப்பும் பக்கவாதமும் இரண்டு மடங்கு என்று 2017-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலியோடு வரும் பெண்ணிடம் ‘பிரசவத்தின்போது பிரஷர் இருந்ததா’ என்று கேட்கும் மருத்துவர் எத்தனை பேர்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடும் உடற்பருமன் உள்ள பெண்களிலும் பெரும்பாலானவர்கள் நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள். அவர்களைப் பயமுறுத்துவதாலும், எடைமேடையில் நிற்கவைத்துப் பலர் முன் சத்தம்போட்டு எண்ணைச் சொல்வதாலும் ஒரு நன்மையும் இல்லை. அவமானப்பட்டவள் அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டாள். வராமல் போனால் ஏறும் பிரஷரைப் பார்க்க ஆளில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண் இருந்தால், பிரசவம் முடிந்து வரும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். முதல் பத்து நாளில் தலைவலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது என்று எதைச் சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதன் பிறகு, அடுத்த பிள்ளை வேண்டுமோ வேண்டாமோ, ஆண்டுக்கு ஒருமுறை அவளுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தச் சம்மரியை முதலில் காட்டுங்கள்.